பின்தெரு மாடியில் வைத்த ஜாடி

அனுப்புநர்:
சலவைக்காரரின் மூத்த மகள் (வயது 19),
கதவு எண் 27, உருக்காலைப் பின்தெரு.

பெறுநர்:
மேலதிகாரி அவர்கள்,
பொதுச் சுகாதார இலாகா,
தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டு மாடியில் வைக்கப்பட்ட காற்றளவு ஜாடியின் முடிவை ரத்து செய்து, உருக்காலையின் இரண்டாம் புகைபோக்கி எரியத் தொடங்கும் முன் நேரில் வந்து பார்க்கக் கோருதல்.

பார்வை: (1) எங்கள் தெருவினர் நாற்பத்தோரு வீட்டார் கையொப்பமிட்ட மனு, நாள் 2-9-1958. (2) தங்கள் இலாகாவின் காற்றளவு அறிக்கை, நாள் 20-1-1959.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் என் பெற்றோருடனும் தங்கையுடனும் வசிக்கிறேன். எங்கள் தொழில் சலவை. தாயார் வெளுப்பார், தகப்பனார் இஸ்திரி போடுவார், நான் வீடு வீடாகத் துணி எடுத்து வந்து, குறி போட்டு, வெளுத்தபின் திருப்பிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும், எங்கள் தெருத் துணிகளும் எங்களிடம் வருகின்றன. சமீபம் வரை உருக்காலை மேலாளரின் சட்டைகளும் வந்தன. மேலாளரின் சட்டைகளைப் பற்றி வேறு யாராவது தங்களிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

2. இந்த மனுவுக்காக முதலில் தங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதுபவரிடம்தான் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடி வைத்தார். "இதுல பாதி உங்க மேலயே நீங்க குடுக்கிற புகார் மாதிரி இருக்கேம்மா, இத நான் எப்படி எழுதறது?" என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அதனால் நானே எழுதுகிறேன். நடையில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

3. உருக்காலை ஒன்பது வருடத்துக்கு முன் வந்தது. அதன் புகைபோக்கிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் ஒரு மதிலும் ஒரு சாக்கடையும் மட்டுமே உள்ளன. காற்று ஆலைப் பக்கமிருந்து அடிக்கும் நாளில் கொடியில் போட்ட வெள்ளைத் துணியில் கரும்புள்ளிகள் விழும். அவற்றைக் கையால் தட்டக் கூடாது. தட்டினால் புள்ளி கோடாகிவிடும். வாயால் ஊதித்தான் விட வேண்டும். மஞ்சள் புகை விடும் நாளில் புள்ளி விழாது, ஆனால் துணியே இற்றுவிடும். சென்ற வருடம் ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்தபோது அதன் வழியே எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது. கடைவீதியில் ஒருவர் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையைப் பார்த்தே இவர் பின்தெருக்காரர் என்று சொல்லிவிடலாம். எங்களுக்கு இது பழகிப்போன கேலி.

4. இத்தனைக்கும் நடுவில் என் தாயார் ஒரு துணியைக் கூடக் கறுப்போடு திருப்பிக் கொடுத்ததில்லை. புள்ளி விழுந்தால் மறுபடி தொட்டியில் போடுவார். அதுவும் காய்வதற்குள் விழுந்தால் மூன்றாம் முறை. துணி மட்டும் அல்ல, ஜன்னல் கம்பி, விளக்குக் கண்ணாடி, கதவின் மேல்விளிம்பு எல்லாவற்றையும் விடிந்ததும் துடைத்துவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைப்பார். "ஆலைக்காரன் ஊதுறத ஊதட்டும், நம்ம வீட்டுக்குள்ள நான்தான் அதிகாரி" என்பார். இந்தப் பழக்கத்தைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மனுவே அதனால்தான்.

5. என் தங்கைக்கு எட்டு வயது. நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுவோம். ஐந்து வயதிலிருந்து அவளுக்கு மூச்சு இழுக்கிறது. மஞ்சள் புகை விடும் நாளில் அவளால் படுக்க முடியாது. மூட்டை கட்டிய துணியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். "அக்கா, ஆலைச் சங்கு எனக்குள்ள ஊதுது, ஷிப்ட் முடிஞ்சிடுச்சு போல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும் என்பதால் நாங்கள் அவளைச் சிரிக்க விடுவதில்லை. சென்ற ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் மார்பு வார்டில் சேர்த்தோம். அங்கே இருந்த இளம் டாக்டர் அம்மா, இது புகையால் வந்த நோய், இந்தக் குழந்தையை அந்தத் தெருவுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கைப்பட எழுதி, வார்டிலேயே ஒரு கட்டில் ஒதுக்கினார். அங்கே மூன்றே வாரத்தில் அவள் படுத்துத் தூங்கினாள். மல்லாந்து படுத்துத் தூங்கியதை அம்மா வார்டு வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

6. அந்தச் சமயத்தில் ஆலை இரண்டாவது புகைபோக்கி கட்டுவதாகத் தெரிந்தது. தெருவே சேர்ந்து பார்வை (1)-இல் கண்ட மனுவைக் கொடுத்தோம். தங்கள் இலாகா எங்களை அலட்சியம் செய்யவில்லை. காற்றை அளக்க உத்தரவிட்டது. அதற்கு நாங்கள் என்றும் நன்றி உள்ளவர்கள்.

7. 1958 டிசம்பர் முதல் தேதி தங்கள் ஆய்வாளர் ஐயா வந்தார். தெருவில் ஏழெட்டு மாடிகள் ஏறிப் பார்த்துவிட்டு, மரமோ சுவரோ மறைக்காத இடம் என்று எங்கள் மாடியைத் தேர்ந்தெடுத்தார். இரும்பு முக்காலியில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை வைத்து, வாயில் அகலமான புனலைப் பொருத்தி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். கழுத்தில் கம்பியால் ஒரு அட்டை கட்டினார். அட்டையில் அரசு உடைமை என்றும் ஒரு எண்ணும் இருந்தன. வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. அம்மாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "இது காத்த அளக்கிற ஜாடிம்மா. அரசாங்கச் சொத்து. ஒரு மாசம் பத்திரமா பாத்துக்குங்க." அவர் மரியாதையாகவே பேசினார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை.

8. இனிமேல் எழுதுவதுதான் எங்கள் தவறு.
அம்மா அந்த ஜாடியைத் தினமும் கழுவினார்.
தினமும் காலையில், ஜன்னல் கம்பி துடைக்கும் அதே வேளையில், மாடிக்குப் போய்ப் புனலைக் கழற்றி, ஜாடிக்குள் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, சாம்பலும் வெந்நீரும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்து, மூன்று முறை அலசி, காய்ச்சி வடிகட்டிய தண்ணீரை அதே இரண்டு விரல் அளவுக்கு ஊற்றி வைத்தார். அட்டை நனையக் கூடாது என்று அதற்கு மெழுகுத்தாள் சுற்றினார். முப்பத்தோரு நாளில் ஒரு நாள் கூடத் தவறவில்லை. காய்ச்சலாகப் படுத்திருந்த இரண்டு நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

9. ஏன் என்று தாங்கள் கேட்கலாம். நானும் பின்னால் கேட்டேன். விளக்குக் கண்ணாடியில் கரி பிடித்தால் வெளிச்சம் தெரியாது. ஜாடியில் கரி பிடித்தால் அதற்குக் காற்று எப்படித் தெரியும்? இதுதான் அம்மாவின் கணக்கு. ஜாடி உட்கார்ந்து காற்றைப் பார்க்கிறது, அதன் கண்ணைத் துடைத்து வைப்பது நம் கடமை என்று நினைத்தார். அதில் விழும் அழுக்கைத்தான் எடை போடப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் ஆறாவது வரை படித்தவள், அப்புறம் இஸ்திரிக்கு வரும் பழைய பத்திரிகைத் தாள்களில் மிச்சம் படித்தவள். எனக்காவது உறைத்திருக்க வேண்டும். ஒரு நாள் வெந்நீர்ச் செம்பை எடுத்துப் போய்க் கொடுத்ததே நான்தான். ஜாடி வெயிலில் பளபளவென்று இருந்ததைப் பார்த்து, ஊரிலேயே சுத்தமான அரசாங்கச் சொத்து நம் வீட்டில்தான் இருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

10. ஜாடியை ஜனவரி முதல் தேதி எடுத்துப் போனார்கள். எடை போட்டது வேறு ஊரில் உள்ள ஆய்வுக்கூடம். எடை போட்டவர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. எங்கள் தெருவைப் பார்த்தவர் எடை போடவில்லை.

11. ஜனவரி 27 அன்று நகர மன்றக் கூடத்தில் விசாரணை நடந்தது. வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் போயிருந்தோம். அம்மா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அறிக்கையைப் படித்த அதிகாரி, கதவு எண் 27 மாடியில் படிந்த தூசு மிகக் குறைவு, நகரின் மறுகோடியில் உள்ள பூங்காவைவிடவும் குறைவு, இங்கே காற்று சுத்தம் என்று படித்தார். சுத்தம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா என் கையை அழுத்தினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. தெருக்காரர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரு நாள்கூட அழுக்கா விடல, தினம் கழுவி வச்சேன்" என்றார்.

ஐயா, அந்தக் கூடத்தில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். ஆலையின் வக்கீல் மட்டும் எழுந்து, இவர் சொல்வதைக் குறிப்பில் ஏற்றத் தேவையில்லை, இவர் சாட்சி அல்ல என்றார். அப்படியே ஏற்றாமல் விட்டார்கள். என் தாயாரின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

12. அந்த அறிக்கையை வைத்து இரண்டாம் புகைபோக்கிக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 2 அன்று அதைப் பற்ற வைக்கிறார்கள். ஆலை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது.

13. அதே அறிக்கையின் நகல் ஆஸ்பத்திரிக்கும் போயிற்று. பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, அந்தத் தெருவில் காற்று சுத்தம் என்று அரசாங்கமே சொல்லும்போது இது எப்படிப் புகை நோயாகும் என்று கேட்டாராம். சீட்டில் புகை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பிறவி பலவீனம் என்று மாற்றினார். ஒதுக்கிய கட்டில் போயிற்று. பிப்ரவரி 3 அன்று சின்னவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இளம் டாக்டர் அம்மா வாசல் வரை வந்தார். இப்போது அவள் மறுபடி உட்கார்ந்தே தூங்குகிறாள். ஒரு புகைபோக்கியிலேயே இப்படி. சென்ற வியாழக்கிழமை மஞ்சள் புகை விட்டபோது அவள் உதடு நீலமாயிற்று. நாங்கள் துணிக்குப் போடும் நீலம் போல என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் அந்த நிறம்தான்.

14. தெருவில் எங்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். அம்மா கூடத்தில் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. எந்தப் பைத்தியக்காரி அரசாங்க ஜாடியைக் கழுவுவாள் என்று கேட்டார்கள். மேலாளரின் சட்டை எங்கள் கொடியில் காய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிர்வீட்டில் தையல் தொழில் செய்யும் அக்கா, குழாயடியில் பத்துப் பேர் நடுவில், "மேலாளர் சட்டைக்குப் போடுற கஞ்சியில உங்களுக்கும் ரெண்டு கரண்டி ஊத்தினாங்களோ?" என்று கேட்டார். அவருடைய மாமனார் இதே இருமலில் போன வருடம் இறந்தவர். அவர் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்துவிட்டார். தகப்பனார் அன்றைக்கே மேலாளர் வீட்டு மூட்டையைக் கட்டி, வெளுக்காத துணியை வெளுக்காமலே கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தார். முப்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு மூட்டையைத் திருப்பியது அதுவே முதல் தடவை. அதன் பிறகும் தெருவில் பாதி வீடுகள் துணி கொடுக்கவில்லை.

15. நான் ஆய்வாளர் ஐயாவை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதல் முறை நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுதிய அறிக்கையைத் தன்னால் மாற்ற முடியாது, ஆதாரம் வேண்டும் என்றார். "இனிமே கரி நிறைஞ்ச ஜாடிய நீங்க கொண்டுவந்தாலும், நீங்களே அள்ளிப் போட்டீங்கன்னு சொல்லுவாங்கம்மா" என்றார். துடைத்த துணியாவது இருக்கிறதா என்று கேட்டார். அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனேன். ஜாடி துடைத்த துணி முப்பத்தோரு நாளும் ஒரே துணிதான். அதையும் அம்மா அன்றன்றைக்கே வெளுத்துக் காயப் போட்டுவிட்டார். காட்டினேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

16. அதற்குப் பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன். பிப்ரவரி 9 அன்று மாடியில் கொடி கட்டும்போது, தென்மேற்கு மூலையில், மழைநீர் வடியும் ஓட்டைக்கு முன்னால் தரை வழக்கத்தைவிட மேடாக இருந்தது. அந்த ஓட்டை இரண்டு வருடமாக அடைபட்டிருக்கிறது. அந்த மூலையில் நாங்கள் துணி அலசுவதில்லை, காயப் போடுவதும் இல்லை. அம்மா தினமும் ஜாடித் தண்ணீரைக் கொட்டியது அங்கேதான். டிசம்பரிலிருந்து இன்றுவரை ஒரு துளி மழை இல்லை. தண்ணீர் வற்றி வற்றி, உள்ளே இருந்தது மட்டும் படிந்து தங்கியிருக்கிறது. இரண்டு கை அகலம், ஒரு விரல் தடிமன். மேலே கறுப்பு, கிளறினால் உள்ளே மஞ்சள் வரிகள். மூக்கருகே கொண்டுபோனால் ஆலை வாசம். கொஞ்சம் சாம்பலும் கலந்திருக்கும், ஜாடி தேய்த்த சாம்பல். அதையும் மறைக்க விரும்பவில்லை. தங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எது அடுப்புச் சாம்பல், எது உலைக்கரி என்று பிரிக்கத் தெரிந்திருக்கும்.

17. நான் கூப்பிட்டதும் அம்மா மேலே வந்தார். பார்த்தவுடன் கை தானாகத் துடைப்பத்துக்குப் போயிற்று. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னவென்று புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் தையல்கார அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து ஒரு விரலால் தொட்டு, தன் முந்தானை ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார். விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். தன் வீட்டுத் துத்தநாகத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த மூலையில் கவிழ்த்து, சுற்றிலும் கோணியை வைத்து அடைத்தார். போகும்போது அம்மாவின் தோளைத் தொட்டு, "நானும் தினம் கழுவியிருப்பேன்" என்றார். அன்று சாயங்காலமே எட்டு வீட்டிலிருந்து துணி வந்தது. வந்ததை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். இன்னும் வெளுக்கவில்லை, ஏனென்றால் மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

18. ஐயா, இரண்டு நாளாக வானம் மூடியிருக்கிறது. கவிழ்த்த தொட்டி தூறலைத் தாங்கும், கனமழையைத் தாங்காது. மாடியில் தண்ணீர் தேங்கினால் அது அடியில் புகுந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும். எங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். ஆகவே தங்கள் இலாகாவைச் சேர்ந்த ஒருவர், எங்களில் யாரும் தொடாமல், தன் கையாலேயே தொட்டியைத் தூக்கி, இருப்பதைச் சுரண்டி எடுத்து, முத்திரை வைத்துக் கொண்டுபோக வேண்டும். பார்வை (2)-இல் கண்ட அறிக்கையை, கழுவிய ஜாடியின் அளவு என்பதால் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். புது ஜாடி வைப்பதானால் எங்கள் வீட்டிலேயே வைக்கலாம், வேறு வீட்டிலும் வைக்கலாம். வைக்கும்போது அது எதற்கு என்பதை வீட்டில் வெளுப்பவருக்கும் கூட்டுபவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். அதுவரையில் மார்ச் 2 அன்று இரண்டாம் புகைபோக்கியைப் பற்ற வைக்கத் தடை விதிக்க வேண்டும். சின்னவளின் சீட்டில் அடித்த வார்த்தையை மறுபடி எழுதும்படி ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். அந்தக் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. விரிப்பு எடுக்கப் போகும்போது பார்த்தேன்.

19. அரசாங்கச் சொத்தில் கை வைத்தது குற்றம் என்றால் அதற்கான தண்டனையை ஏற்க என் தாயார் தயாராக இருக்கிறார். இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று நான் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொன்னதை அவர் வாய்வார்த்தையாகவே கீழே தருகிறேன்:

"தப்பு என்னுதுன்னு எழுது. கழுவினது நான்தான்னு எழுது. ஆனா அந்தக் கரி என்னுது இல்லன்னும் எழுது."

20. வரும் நாளை முன்கூட்டித் தெரிவிக்கத் தேவையில்லை. ஆய்வாளர் எந்த நேரத்தில் வந்தாலும் நேரே மாடிக்கு ஏறலாம். அப்பா, அம்மா, தையல்கார அக்கா, நான் ஆகிய நால்வரில் ஒருவர் எப்போதும் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பார். படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக ஏறும்படி கேட்டுக்கொள்கிறேன். சின்னவள் கீழறையில் மூட்டையில் சாய்ந்திருக்கிறாள். ஒருவேளை அப்போதுதான் கண் அசந்திருப்பாள்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,

இடம்: உருக்காலைப் பின்தெரு
நாள்: 16-2-1959

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
சலவைக்காரரின் மூத்த மகள்

(பெருவிரல் ரேகை)
சலவைக்காரரின் மனைவி, ஜாடியைக் கழுவியவர்

சாட்சி:
(கையொப்பம்)
எதிர்வீட்டுத் தையல்காரர், கதவு எண் 30